சுழற்சி ஷிஃப்டில் வேலை, வாரம் இரண்டு மூன்று நாள்தான் ஜிம்: எந்த ப்ரோக்ராம் எடுப்பது?

கேள்வி இதுதான்: வயது 31, எடை 70 கிலோ, ஐ.டி. சப்போர்ட்டில் சுழற்சி ஷிஃப்ட். பகல் ஷிஃப்ட் வாரங்களில் 3 நாள் ஜிம் போக முடிகிறது. நைட் ஷிஃப்டில் 2 நாள், சில வாரம் அதுவும் இல்லை. ட்ரெய்னர் எழுதிக் கொடுத்த ஆறு நாள் சார்ட்டை ஆறு மாதமாகச் செய்கிறார்: திங்கள் செஸ்ட், செவ்வாய் பேக், புதன் ஷோல்டர் என்று போகும். பெஞ்ச் பிரஸ் (பெஞ்சில் படுத்தபடி ராடை நெஞ்சிலிருந்து மேலே தள்ளுவது) இரண்டு மாதமாக 40 கிலோவைத் தாண்டவில்லை. கால்களுக்கு லெக் பிரஸ் மட்டும்தான். நண்பர்களில் ஒருவர் புஷ்-புல்-லெக்ஸ் (தள்ளும் பயிற்சி, இழுக்கும் பயிற்சி, கால் என்று நாளுக்கு ஒன்றாகப் பிரிப்பது) என்கிறார், இன்னொருவர் 5/3/1 (மாதக் கணக்கில் எடை ஏற்றும் முறை) என்கிறார். எதை எடுப்பது?

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு வேண்டியது முழு உடலையும் ஒரே நாளில் வேலை வாங்கும் இரண்டு ஒர்க்அவுட்கள். ஒன்றுக்கு ஏ, இன்னொன்றுக்கு பி என்று பெயர் வையுங்கள். ஜிம்முக்குப் போகும்போதெல்லாம் இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்யுங்கள். எந்தக் கிழமையோடும் அதைக் கட்ட வேண்டாம். குறைந்தது நான்கைந்து மாதத்துக்கு வேறு எதுவும் தேவைப்படாது.

அனுபவம் என்றால் எத்தனை மாதமாக ஜிம்முக்குப் பணம் கட்டுகிறோம் என்பதல்ல. அடுத்த முறை போகும்போதே எடையை ஏற்ற முடிகிறதா என்று பாருங்கள். முடிகிறதென்றால், மூன்று வருடம் போயிருந்தாலும் நீங்கள் ஆரம்பநிலைதான். வாரத்துக்கு ஒருமுறைதான் ஏறுகிறது என்றால் இடைநிலை. மாதத்துக்கு ஒருமுறை ஏற்றவே திட்டம் போட வேண்டியிருந்தால் அதற்கும் மேல். ஆரம்பநிலையில் இருப்பவர் மாதக் கணக்கில் ஏற்றும் ப்ரோக்ராமை எடுத்தால் கெடுதல் ஒன்றுமில்லை, ஆனால் மூன்று வாரத்தில் வர வேண்டிய எடை மூன்று மாதத்தில் வரும். 70 கிலோ உடம்புக்கு 40 கிலோ பெஞ்ச், ஸ்குவாட் (தோளில் ராடோடு உட்கார்ந்து எழுவது) தொட்டதே இல்லை என்றால் சந்தேகத்துக்கே இடமில்லை, ஆரம்பநிலை. இதில் வருத்தப்பட எதுவும் இல்லை. வேகமாக எடை ஏறும் காலம் இன்னும் உங்களுக்கு மிச்சம் இருக்கிறது.

நேரத்தைப் பொறுத்தவரை நல்ல வாரத்தைப் பார்த்துத் திட்டம் போடாதீர்கள், மோசமான வாரத்தைப் பாருங்கள். ஆறு நாள் சார்ட்டில் செஸ்ட்டுக்கு ஒரே நாள். அந்தத் திங்கட்கிழமை லீவ் கிடைக்கவில்லை என்றால் ஒரு செஸ்ட் டேக்கும் அடுத்ததற்கும் இடையே 14 நாள். நைட் ஷிஃப்ட் வாரத்தில் திங்களும் செவ்வாயும் மட்டும் போனால் அந்த வாரம் தோளும் காலும் காலி. ஏ-பி முறையில் ஒரு நாள் தவறினால் எந்தத் தசையும் விடுபடாது, வரிசை ஒரு நாள் தள்ளிப்போகும், அவ்வளவுதான். திங்கள் ஏ செய்துவிட்டு அடுத்த நாள் வெள்ளிதான் கிடைத்தது என்றால் வெள்ளி பி. புஷ்-புல்-லெக்ஸும் மோசமான முறையல்ல, ஆனால் வாரம் ஆறு நாள் நிச்சயமாக வரக்கூடியவருக்குத்தான் அது பலன் தரும். மூன்று நாள் மட்டும் வருபவர் அதை எடுத்தால் ஒவ்வொரு தசைக்கும் வாரம் ஒருமுறைதான் கிடைக்கும். பழைய சார்ட்டுக்கே வேறு பெயர் வைத்த மாதிரி ஆகிவிடும்.

ஒர்க்அவுட் ஏ: ஸ்குவாட் 3 செட் × 5 ரெப் (ஒருமுறை தூக்கி இறக்குவது ஒரு ரெப், ஓய்வில்லாமல் ஐந்து ரெப் சேர்ந்தால் ஒரு செட்), பெஞ்ச் பிரஸ் 3×5, பார்பெல் ரோ (குனிந்து நின்று ராடை வயிற்றை நோக்கி இழுப்பது) 3×8.

ஒர்க்அவுட் பி: ஸ்குவாட் 3×5, நின்றபடி ஓவர்ஹெட் பிரஸ் (ராடைத் தலைக்கு மேல் தள்ளுவது) 3×5, டெட்லிஃப்ட் (தரையில் இருக்கும் ராடை நிமிர்ந்து நிற்கும் வரை தூக்குவது) ஒரே செட் 5 ரெப், பிறகு லாட் புல்டவுன் (மெஷினில் உட்கார்ந்து மேலிருந்து நெஞ்சுக்கு இழுப்பது) 3×8.

டெட்லிஃப்ட்டுக்கு ஒரு செட் போதுமா என்று கேட்பீர்கள். ஸ்குவாட் முடிந்த இடுப்புக்கும் முதுகுக்கும் அது போதும். வார்ம்-அப் செட்களும் கணக்கில் சேர்கின்றன. மூன்று செட் வைத்தால் அடுத்த நாள் ஸ்குவாட் படுத்துவிடும். பைசெப்ஸ் வேண்டும் என்று மனம் கேட்டால் கடைசியில் இரண்டு செட் கர்ல் போடுங்கள், யாரும் தடுக்கவில்லை. முன்னால் மட்டும் போடாதீர்கள், ரோவுக்குப் பிடி இருக்காது.

தொடக்க எடை எளிதாக இருக்க வேண்டும். ஸ்குவாட்டை வெறும் ராடில் தொடங்கி, ஐந்தைந்து ரெப்பாக எடையை ஏற்றிப் பாருங்கள். ராடு மேலே வரும் வேகம் கண்ணுக்குத் தெரியும்படி குறைகிற எடைக்கு முந்தைய எடைதான் உங்கள் தொடக்கம். பெரும்பாலும் 30 கிலோ அளவில் வரும். பெஞ்சில் 40 என்று நிற்கிறீர்கள், 35-க்கு இறங்குங்கள். ஓவர்ஹெட் பிரஸ்ஸுக்கு வெறும் 20 கிலோ ராடே போதும். டெட்லிஃப்ட் 40 அல்லது 50.

எடையை எவ்வளவு ஏற்றுவது என்பதில்தான் உங்கள் 40 கிலோ சிக்கலுக்கு விடை இருக்கிறது. பக்கத்து ஜிம்களில் பெரும்பாலும் இருக்கும் மிகச் சிறிய பிளேட் 2.5 கிலோ. பக்கத்துக்கு ஒன்றாகப் போட்டால் 5 கிலோ ஏறிவிடும். 40-லிருந்து 45 என்பது ஒரேயடியாக 12.5 சதவீதம். வாரம் ஒருமுறை மட்டும் பெஞ்ச் போடுகிறவரால் அந்தத் தாவலைத் தாண்ட முடிவதில்லை. 45 போட்டுப் பார்க்கிறார், இரண்டு ரெப் வருகிறது, மறுபடி 40-க்கே இறங்குகிறார். இரண்டு மாதம் இப்படியே போய்விடும். ஒரு ஜோடி 1.25 கிலோ பிளேட் வாங்கி ஜிம் பையில் போட்டுக்கொள்ளுங்கள். வாங்கும் முன் உங்கள் ஜிம் ராடின் முனையை அளந்து பாருங்கள்: தடித்த ஒலிம்பிக் ராடு என்றால் 50 மி.மீ. துளை, பழைய மெல்லிய ராடு என்றால் 30 மி.மீ.க்குள் வரும். ஒன்றுக்கு வாங்கியதை இன்னொன்றில் போட முடியாது.

அதன்பின் கணக்கு எளிது. பெஞ்ச், ஓவர்ஹெட் பிரஸ், ரோ, ஸ்குவாட் நான்குக்கும் ஒவ்வொரு முறையும் 2.5 கிலோ. டெட்லிஃப்ட்டுக்கு 5 கிலோ. ஓவர்ஹெட் பிரஸ் சீக்கிரமே திணறும். அப்போது 1.25 கிலோவாகக் குறைக்க வேண்டும், அதற்குப் பக்கத்துக்கு அரை கிலோ அளவில் பிளேட் தேவை. சிறிய பிளேட் எதுவுமே கிடைக்கவில்லை என்றால் ரெப்பை ஏற்றுங்கள்: 40 கிலோவில் 3×5, அடுத்து 3×6, 3×7 என்று 3×8 வரை போங்கள். கடைசி செட்டிலும் இன்னும் ஒன்றிரண்டு ரெப் கையில் மிச்சம் இருந்தால் 45-க்குத் தாவி மறுபடி 3×5. மெதுவான வழிதான், ஆனால் நகரும்.

இன்னொன்றையும் சரிபாருங்கள். எல்லா ராடும் 20 கிலோ இல்லை. பெண்களுக்கான ஒலிம்பிக் ராடு 15 கிலோ. சிறிய ஜிம்களில் இருக்கும் ஐந்தடி, ஆறடி ராடுகள் 7 கிலோவிலிருந்து 12 கிலோ வரை எப்படியும் இருக்கலாம். எடை பார்க்கும் மெஷின் ஜிம்மிலேயே இருக்கும். ராடைப் பிடித்துக்கொண்டு ஏறி நின்று பாருங்கள், பிறகு ராடு இல்லாமல். வித்தியாசம்தான் ராடின் எடை. ஒவ்வொரு முறையும் வேறு வேறு ராடை எடுத்து எல்லாவற்றையும் 20 என்று எழுதினால் நோட்டில் உள்ள எண்களுக்கு அர்த்தமே இல்லை.

நேரக் கணக்குக்கு வருவோம். ஸ்குவாட் 60 கிலோ போடும் நாளில் வார்ம்-அப் இப்படி: வெறும் ராடு 5 ரெப் இரண்டு முறை, 40 கிலோ 5 ரெப், 50 கிலோ 2 ரெப். இடையில் ஓய்வு தேவையில்லை, பிளேட் மாற்றும் நேரமே போதும். ஐந்து நிமிடத்தில் முடியும். பிறகு 60 கிலோவில் மூன்று செட், இடையில் 3 நிமிட ஓய்வு. மொத்தம் 15 நிமிடத்துக்குள். இப்படி மூன்று பயிற்சி என்றால் 45 முதல் 50 நிமிடம், பி நாளில் புல்டவுனுக்கு இன்னும் ஏழெட்டு நிமிடம். 35 நிமிடம்தான் கையில் இருக்கிறது என்றால் முதல் இரண்டை முழுதாகச் செய்துவிட்டுக் கிளம்புங்கள். ஓய்வை ஒரு நிமிடமாகக் குறைத்து எல்லாவற்றையும் திணிக்காதீர்கள். அப்படிச் செய்தால் மூன்றாவது செட்டில் ரெப் விழும், வலிமை போய்விட்டதாகத் தப்பாக நினைப்பீர்கள். இன்னொரு விஷயம்: திங்கட்கிழமை மாலை எந்த ஜிம்மிலும் பெஞ்ச் காலியாக இருக்காது. ஸ்குவாட் ஸ்டாண்டை யாரும் சீண்ட மாட்டார்கள். நீங்கள் ஸ்குவாட்டில் தொடங்குவதால் அந்தப் பிரச்சினை பாதி தீர்ந்துவிடும்.

ஒரு எடையில் 3×5 முழுதாக வரவில்லை என்றால் அடுத்த முறையும் அதே எடை. தொடர்ந்து மூன்று முறை விழுந்தால் 10 சதவீதம் இறங்கி மறுபடி ஏறி வாருங்கள். ஆனால் இறங்கும் முன் காரணத்தைத் தேடுங்கள். ஒரு பயிற்சி மட்டும் நின்றுவிட்டு மற்றவை ஏறினால் தவறு டெக்னிக்கிலோ தாவலின் அளவிலோ இருக்கும். பெஞ்சில் ராடு ஒரு ரெப்புக்குக் கழுத்தருகிலும் அடுத்ததற்கு வயிற்றருகிலும் இறங்குகிறதா, பின்தோள் பட்டைகள் பெஞ்சில் அழுந்தாமல் விரிந்து கிடக்கின்றனவா என்று பக்கவாட்டில் ஃபோனை வைத்து வீடியோ எடுத்துப் பாருங்கள். எல்லாம் ஒரே வாரத்தில் நின்றால் காரணம் ஜிம்மில் இல்லை, தூக்கத்திலும் சாப்பாட்டிலும்தான். புரதம் உடல் எடையில் கிலோவுக்கு 1.6 கிராம் அளவில் வேண்டும், உங்களுக்கு 112 கிராம். மூன்று இட்லி சாம்பாரில் 10 கிராம் தாண்டுவதே அரிது. நான்கு முட்டையில் 24, அரை லிட்டர் பாலில் 16, சமைத்த சிக்கன் 150 கிராமில் 40-க்கு மேல். மீதி பருப்பு, சுண்டல், சோறு எல்லாவற்றிலும் சேர்ந்து வந்துவிடும். சைவம் என்றால் காய்ந்த சோயா 50 கிராமில் 25 கிராம் இருக்கிறது.

நைட் ஷிஃப்ட் வாரம் தனிக் கணக்கு. ஷிஃப்ட் முடித்துக் காலை ஏழு மணிக்கு நேரே ஜிம்முக்குப் போவது பலருக்குப் பழக்கம். அந்த நேரத்தில் 3×5 ஸ்குவாட் உருப்படியாக வராது, ஏறிய உடல் சூட்டில் பகல் தூக்கமும் தள்ளிப்போகும். தூங்கி எழுந்து, சாப்பிட்டு, வேலைக்குப் போகும் முன் மாலையில் செய்யுங்கள். படுக்கையிலிருந்து எழுந்த முதல் ஒரு மணி நேரத்துக்குள் டெட்லிஃப்ட் வேண்டாம். படுத்திருக்கும்போது முதுகெலும்பு வட்டுகள் நீர் ஏறி உப்பியிருக்கும், அப்போது குனிந்து எடை தூக்கினால் அழுத்தம் அதிகம். ஷிஃப்ட் மாறும் முதல் நான்கு நாட்களுக்கு எடையை ஏற்றவே ஏற்றாதீர்கள். போன முறை செய்த அதே எடை, மூன்று செட்டுக்குப் பதில் இரண்டு. ஏற்றிய வலிமையைக் காப்பாற்ற, ஏற்றும்போது செய்த வேலையில் மூன்றில் ஒரு பங்கு போதும். ஒரே நிபந்தனை, எடை குறையக் கூடாது. அதனால் வாரம் ஒரே நாள்தான் கிடைத்தது என்றால், அன்று லேசான எடையில் பதினைந்து செட் போடாமல், வழக்கமான எடையில் குறைவான செட் போடுங்கள்.

அடுத்தடுத்த நாட்களில்தான் நேரம் கிடைத்தது என்றால் செய்யலாம். இரண்டாம் நாள் ஸ்குவாட்டை 80 சதவீதத்தில் இரண்டு செட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள், மற்றது வழக்கப்படி.

இடைவெளி விழுந்தால் திரும்புவது இப்படி: ஒரு வாரம் போகவில்லை என்றால் கடைசியாகச் செய்த எடையையே மறுபடி செய்யுங்கள். இரண்டு வாரம் என்றால் 10 சதவீதம் குறையுங்கள். ஒரு மாதம் என்றால் 20 முதல் 25 சதவீதம். மூன்று மாதத்துக்கு மேல் என்றால் பாதியில் தொடங்கி, முதல் வாரம் ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு செட். பழைய எடை வேகமாகவே திரும்பி வந்துவிடும், அவசரம் தேவையில்லை. நீண்ட இடைவெளிக்குப் பின் முதல் நாளே பழைய அளவில் போட்டுவிட்டு, ஓரிரு நாளில் கைகால் வீங்கி சிறுநீர் கோலா நிறத்தில் போனால், தசை சிதைந்து சிறுநீரகத்தைத் தாக்கும் நிலை அது. வலி மாத்திரை போட்டுப் பார்க்காமல் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

இந்த வேகத்தில் எங்கே போய்ச் சேர்வீர்கள்? வாரம் சராசரி இரண்டரை நாள் என்றால் பத்து வாரத்தில் 25 முறை. 30 கிலோவில் தொடங்கிய ஸ்குவாட் காகிதத்தில் 90-ஐத் தொடும். நடைமுறையில் ஒருமுறையாவது இறங்கி ஏறுவீர்கள், ஷிஃப்ட் மாறும் வாரங்களும் உண்டு. 70 முதல் 80 கிலோ என்று எதிர்பாருங்கள். பெஞ்ச் 50-ஐத் தாண்ட வேண்டும்.

ஒரே பயிற்சியில் 10 சதவீதம் இறங்கி ஏறி, மறுபடி அதே எடையில் முட்டினால், தூக்கமும் சாப்பாடும் சரியாக இருந்தும் முட்டினால், அப்போது ப்ரோக்ராமை மாற்றலாம். உங்கள் நண்பர் சொன்ன 5/3/1 அங்கேதான் பொருந்தும். ஜிம் வெண்ட்லர் என்ற அமெரிக்க பவர்லிஃப்டர் வகுத்தது. ஒரு ரெப் அதிகபட்ச எடையில் 90 சதவீதத்தை அடிப்படையாக வைத்து, முதல் வாரம் அதில் 65, 75, 85 சதவீதத்தில் ஐந்தைந்து ரெப். இரண்டாம் வாரம் 70, 80, 90-ல் மூன்று மூன்று. மூன்றாம் வாரம் 75-ல் ஐந்து, 85-ல் மூன்று, 95-ல் ஒன்று. இந்த மூன்று வாரத்திலும் கடைசி செட்டில் முடிந்தவரை ரெப் போட வேண்டும். நான்காம் வாரம் லேசாக. சுற்று முடிந்ததும் அடிப்படை எடையில் மேலுடம்புக்கு 2.5, கீழுடம்புக்கு 5 கிலோ ஏறும். உதாரணமாக ஸ்குவாட் அதிகபட்சம் 100 என்றால் அடிப்படை 90, முதல் வாரக் கடைசி செட் 76.5, அதாவது 75 கிலோவில் போடுவீர்கள். இதைப் பலரும் கெடுப்பது முதல் படியிலேயே: 90 சதவீதம் எடுக்காமல் முழு 100-ஐயே அடிப்படையாக வைத்து, மூன்றாவது சுற்றில் முட்டி நிற்பார்கள். நான்கு ஒர்க்அவுட் கொண்ட இந்த முறையையும் கிழமையோடு கட்டாமல், போகும் நாளில் அடுத்ததை எடுத்துச் செய்யலாம். நான்கு வாரச் சுற்று உங்களுக்கு ஆறேழு வாரம் ஆகும், தவறில்லை.

யார் எந்தச் சார்ட்டைக் கொடுத்தாலும் இரண்டு கேள்விகளுக்கு அதில் விடை இருக்கிறதா என்று பாருங்கள்: அடுத்த முறை எவ்வளவு எடை போட வேண்டும்? ரெப் வராவிட்டால் என்ன செய்ய வேண்டும்? இரண்டும் இல்லையென்றால் அது பயிற்சிகளின் பெயர்ப் பட்டியல், ப்ரோக்ராம் அல்ல. ஜிம் சுவரில் ஒட்டியிருப்பவை அநேகமாக இந்த ரகம்தான்.

உங்கள் ஜிம்மில் ஸ்மித் மெஷின் (ராடு இரண்டு கம்பிகளுக்குள் மட்டும் ஏறி இறங்கும் மெஷின்) மட்டும்தான் இருக்கிறது என்றால் ஸ்குவாட்டுக்கு டம்பெல்லை நெஞ்சோடு அணைத்துப் பிடிக்கும் காப்லெட் ஸ்குவாட்டில் தொடங்கி, 25 கிலோ தாண்டியதும் லெக் பிரஸ்ஸோ ஸ்மித் மெஷினோ எடுத்துக்கொள்ளுங்கள். டெட்லிஃப்ட்டில் வேறு சிக்கல். பெரிய பிளேட்டின் விட்டம் 45 செ.மீ., அதனால் ராடு தரையிலிருந்து 22 செ.மீ. உயரத்தில் நிற்கும். 10 கிலோ பிளேட் சிறியது, ராடு இன்னும் கீழே இறங்கிவிடும், கீழ்முதுகு வளையாமல் அதைப் பிடிப்பது பலருக்குக் கஷ்டம். பிளேட்களுக்குக் கீழே இரண்டு பக்கமும் ரப்பர் மேட்டையோ வேறு பிளேட்களையோ அடுக்கி உயர்த்திக்கொள்ளுங்கள். பெஞ்சை ஆள் துணையில்லாமல் போடும் நாளில் ராடின் முனையில் லாக் மாட்டாதீர்கள். எழுப்ப முடியாமல் போனால் ஒரு பக்கம் சாய்த்து பிளேட்டைத் தள்ளிவிடலாம். லாக் மாட்டியிருந்தால் அந்த வழியும் இல்லை.

வேறு நிலையில் இருந்து இதே கேள்வியைக் கேட்பவர்களுக்கும் சில வார்த்தைகள். பெண்களுக்கு ப்ரோக்ராம் ஒன்றுதான். மேலுடம்புக்கு ஏற்றும் அளவு மட்டும் முதலிலிருந்தே 1 முதல் 1.25 கிலோ, ராடும் 15 கிலோ கிடைத்தால் நல்லது. 45 வயதைத் தாண்டியவர் வாரம் இரண்டு நாளே வைத்துக்கொண்டு, ஒரு நாள் ஸ்குவாட்டும் இன்னொரு நாள் டெட்லிஃப்ட்டும் என்று பிரித்து, வாரத்துக்கு ஒருமுறை மட்டும் ஏற்றலாம். ரத்த அழுத்தம் கட்டுக்குள் இல்லாதவர்கள், குடலிறக்கம் உள்ளவர்கள், இன்சுலின் போடுபவர்கள் மருத்துவரைக் கேட்காமல் கனமான செட் தொடங்க வேண்டாம். வீட்டில் டம்பெல் மட்டும் உள்ளவர் இதே ஏ-பி வரிசையை 8 முதல் 12 ரெப்பில் செய்யலாம், கால் பயிற்சி மட்டும் சீக்கிரம் எளிதாகிவிடும். அப்போது ஒற்றைக் கால் ஸ்குவாட் வகைகளுக்குப் போக வேண்டும்.

ஸ்னாட்ச், கிளீன் அண்ட் ஜெர்க் தூக்கும் ஒலிம்பிக் பளுதூக்குதல் வேறு விளையாட்டு. 2014 கிளாஸ்கோ, 2018 கோல்ட் கோஸ்ட் காமன்வெல்த் போட்டிகளில் 77 கிலோ பிரிவில் தங்கம் வென்ற வேலூர் சதீஷ் சிவலிங்கம் தூக்கியது அதைத்தான். அதைக் காகிதத்தில் பார்த்துக் கற்க முடியாது, வாரம் நான்கைந்து நாள் பயிற்சியாளர் கண் முன்னால் நிற்க வேண்டும். ஆசை இருந்தால் பகல் வேலைக்கு மாறிய பிறகு சேருங்கள். அதுவரை ஏறும் ஸ்குவாட் அங்கேயும் உதவும்.